டூட்டி அக்கா போனை எடுக்கவில்லை

டிப்போவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டிரைவர், கண்டக்டர், வண்டி கழுவுகிறவர், ஏன், டீசல் போடுகிறவருக்குக்கூட அவள் டூட்டி அக்காதான். அவளைவிடப் பத்து வயசு மூத்தவர்களும் கூசாமல் அக்கா என்பார்கள். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எந்த நேரத்துக்கு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலி அவளுடையது. அந்த நாற்காலியைப் பகைத்துக்கொண்டால் ஊர் எழுந்திருக்கும் முன்னே கிளம்புகிற முதல் வண்டி தன் தலையில்தான் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். மரியாதை தானாக வரும்.

கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை அது. வெளியே வண்டிகள் பின்னால் வந்து திரும்பும்போதெல்லாம் மேஜைமேல் டீ டம்ளர் நடுங்கும். உள்ளே உட்கார்ந்துகொண்டு அவள் போட்டது வெறும் டூட்டி அட்டவணை என்று நினைத்தால் தப்பு. இன்னாருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அவள் வீடு வந்து சேரும்வரை இவர் பிள்ளைகளோடு இருந்தாக வேண்டும். இன்னாருக்குப் பல் பிடுங்கியிருக்கிறது, பயணிகளோடு சண்டை போட வாய் வராது, இந்த வாரம் கூட்டமான ரூட் வேண்டாம். ஒரு டிரைவரையும் ஒரு கண்டக்டரையும் ஒரே வண்டியில் ஏற்றவே கூடாது, கடன் கொடுத்த குக்கர் மூடியில்லாமல் திரும்பி வந்ததில் இருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இத்தனையும் அவள் மண்டைக்குள் இருந்தது. தலைமை அலுவலகம் வாங்கிப் போட்ட மென்பொருளுக்கு குக்கர் மூடியைப் பற்றி என்ன தெரியும்?

வயிறு மேஜையில் இடிக்கும்வரை வேலை பார்த்துவிட்டுத்தான் பிரசவ லீவில் போனாள். அவள் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவரை எடுப்பதாக டிப்போ மேனேஜர் சொல்லியிருந்தார். இவருக்கு டிரைவர்கள் வைத்த பட்டப்பேர் ‘அரை நிமிஷம்’. எதைக் கேட்டாலும் அரை நிமிஷம் என்பார், அதோடு அந்தக் காரியம் அம்பேல். தற்காலிக ஆளும் அப்படித்தான் வராமலே போனார், மென்பொருள் போட்டதுதான் டூட்டி என்றாகிவிட்டது.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே முதல் போன். பேசியவர் சைலன்சர். இந்த டிரைவர் வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கும், அதனால்தான் அந்தப் பேர். பெண் குழந்தையா, சந்தோஷம் அக்கா, அம்மாவும் பிள்ளையும் சௌக்கியமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, மென்பொருள் தன்னை மச்சினன் கல்யாணத்தன்றைக்கு டூட்டியில் தூக்கிப் போட்டிருக்கிறது என்று முறையிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டே, யாரை மாற்றினால் யாருக்கும் வலிக்காது என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அடுத்த நாள் இரண்டு போன். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்?

குழந்தைக்கு வீட்டில் ‘முதலாளி’ என்று பேர். குரல் கொடுத்தால் எல்லோரும் ஓட வேண்டும், சம்பளம் மட்டும் கிடையாது. முதலாளியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே, டூட்டி அக்கா டிப்போவை நடத்தினாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் இதைப் பார்த்துப் பார்த்து, உனக்குக் கொடுத்தது லீவா, இல்லை டிரான்ஸ்ஃபரா என்று கேட்டுவிட்டான். பாவம்ங்க அவங்க, ஒரு வார்த்தை சொல்றதுல எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு என்பாள். பாவம் என்பது பாதி உண்மை. மீதியை அவள் சொல்லமாட்டாள், நான் சொல்கிறேன். நாள் முழுக்க பால், துணி, தூக்கம் என்று கிடக்கிறவளுக்கு, ‘அக்கா, நீங்க இல்லாம இங்க ஒண்ணுமே நடக்கலை’ என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அமிர்தமாக இருக்கும். அந்த வார்த்தைக்காகவே போனைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மத்தியானம் மேனேஜரே கூப்பிட்டார். அரை நிமிஷம் பேசலாமா என்றார். அன்றைக்குப் பார்த்து மனுஷன் விடாமல் பேசினார். உங்கள் நாற்காலி இத்தனை வாரமாகக் காலியாகத்தான் இருக்கிறது, ஒரு வண்டியாவது நின்றதா, ஒரு புகாராவது வந்ததா, தலைமை அலுவலகத்தில் பார்த்தார்கள், ஆள் இல்லாமலே நடக்கிற வேலைக்கு ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள், அந்த இடத்தை எடுத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது, ஆள் குறைப்பு, உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை, லீவு முடிந்து வர வேண்டியதில்லை, நிம்மதியாகக் குழந்தையைப் பாருங்கள். கையில் ஈரத்துணியோடு நின்றிருந்தவள் என்ன சொன்னாள் தெரியுமா? ‘சரிங்க சார்’ என்றாள். தன் வேலையைப் பறித்தவரிடம் சரிங்க சார்! பழக்கதோஷம்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வண்டி நிற்காதது ஏன்? இவள் நிற்கவிடவில்லை. புகார் வராதது ஏன்? வரவேண்டிய புகாரெல்லாம் இவள் போனுக்கு வந்து இங்கேயே அடங்கிவிட்டது. நாற்காலி காலியாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டதே அவள்தான். தன் குழியைத் தானே, அதுவும் சம்பளமில்லாமல், தோண்டியிருக்கிறாள். வீட்டு வாடகையில் பாதி அவள் சம்பளம் என்பது ஒரு பக்கம். பொறுக்கிற கவலை அது. அந்த அறை, அந்த ஜன்னல், அக்கா என்கிற அந்தக் குரல்கள், இதெல்லாம் இனிமேல் இல்லை என்பதுதான் பொறுக்காத கவலை.

புருஷன் வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எங்க அக்காவைக் கேளேன் என்றான். அவன் அக்கா, அதாவது இவளுடைய நாத்தனார், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பணியாளர் பிரிவில் இருக்கிறார். ஆளை எடுப்பதும் அனுப்புவதும்தான் தினப்படி வேலை. ஆனால் இவளுக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். புதுசாகக் குடித்தனம் வந்தபோது, இவள் பார்த்துப் பார்த்துத் தைத்த ஜன்னல் திரைகளை ஒரு நோட்டம் விட்டு, ‘துணி மிச்சமாயிடுச்சா?’ என்று கேட்டவர் அவர். அதிலிருந்து இவள் வாயில் அவர் அண்ணி இல்லை, ‘உங்க அக்கா’. அவங்ககிட்ட போயி கைகட்டி நிக்கிறதுக்கு நான் வேலையில்லாமலே இருந்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அவளிடம் வேறொரு திட்டம் இருந்தது. போனை அணைத்துப் பீரோவில் துணிக்கடியில் வைத்துவிட்டாள். நாளைக்குக் காலையிலேயே தெரியும் சேதி. குக்கர் மூடிக்காரர்கள் இருவரும் ஒரே வண்டியில் ஏறட்டும், முதல் வண்டிக்கு டிரைவரே இல்லாமல் போகட்டும், தலைமை அலுவலகம் அலறட்டும், அரை நிமிஷம் வீடு தேடி வந்து வாசலில் நிற்கட்டும். அவர் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட முதலாளியிடம் ஒத்திகை பார்த்துவிட்டாள். முதலாளி எல்லாவற்றுக்கும் கொட்டாவி விட்டது.

அவள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் திரும்புவது தெரியும். மறுநாள் காலை குழந்தையோடு அங்கே போய் நின்றாள். பஸ் வரவில்லை. இன்னும் வரவில்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! ‘பாத்தியா, பாத்தியா’ என்று குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் பஸ் ஆடி அசைந்து வந்தது. பாலத்தடியில் குழாய் உடைந்து ரோடெல்லாம் தண்ணீராம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதற்கடுத்த நாள் பஸ் நேரத்துக்கு வந்தது. அதற்கும் அடுத்த நாள் நேரத்துக்கு வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், முன்பு அவள் நாற்காலியில் இருந்த நாட்களில்கூட அந்த ரூட்டில் வண்டி இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை. வாசலில் யாரும் வந்து நிற்கவும் இல்லை.

ஒரு வாரம் போயிற்று. முதலாளிக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள் வந்தது. பஸ் ஏறினாள். டிரைவர் யாரென்று பார்த்தால் சைலன்சர். கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றதும் சீட்டில் திரும்பி உட்கார்ந்து குழந்தையைக் கொஞ்சினார். அவளே மெல்ல ஆரம்பித்தாள், டூட்டியெல்லாம் எப்படிப் போகிறது என்று. சைலன்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“உங்க போன் ஆஃப் ஆனதும் எங்களுக்கே வெக்கமாப்போச்சு அக்கா. பச்ச உடம்புக்காரிய இந்தப் பாடு படுத்தறோமேன்னு. இப்ப நாங்களே போன்ல ஒரு குரூப் வச்சிருக்கோம். யாருக்கு என்ன கஷ்டம்னு அதுல போட்ருவோம், யாராவது எடுத்துக்குவாங்க. குக்கர் மூடி ரெண்டு பேரும்கூட ராசி ஆயிட்டாங்க. ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க நிம்மதியா தூங்குங்க அக்கா.”

அன்பாகத்தான் சொன்னார். அவர் குரலுக்கு பஸ் முழுக்கக் கேட்டது, வயசான பெண்மணி ஒருவர் பின்னால் இருந்து நல்ல பிள்ளைங்கப்பா என்று பாராட்டவும் செய்தார். அவள் சிரித்தாள், சரி என்று தலையாட்டினாள், இறங்கினாள். கிளினிக்கில் ஊசி போட்டதும் குழந்தை அழுதது, குழந்தையைவிட அதிகமாக அவள் அழுதாள். இவங்களுக்குத்தான் ஊசி போட்ட மாதிரி இருக்கு என்று நர்ஸ் கேலி செய்தார். கேலிக்குக்கூட அழுகை நிற்கவில்லை. குக்கர் மூடிச் சண்டையை அவள் எத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்தாள், அவள் விலகி ஒரு வாரத்தில் ராசியாகிவிட்டார்களாம்!

சாயங்காலம் புருஷனிடம், மேனேஜர் சொன்னது நிஜம்தாங்க, அங்க நான் தேவையே இல்லை என்றாள். அவன் பால்கனிக்குப் போய் அக்காவுக்கு போன் போட்டான்.

நாத்தனார் மறுநாள் ஆபீஸ் முடிந்து, ஆபீஸ் பையோடு, அதே விறைப்போடு வந்து இறங்கினார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். போனில்தான் சொன்னாரா? சொல்வதற்கு முன் ஒரு தடவையாவது உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்படி யோசிக்கிறோம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்களா? வேறு காலி இடம் எதையாவது காட்டினார்களா? அவள் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றாள். கடைசியில் தாங்கமுடியாமல், அதெல்லாம் விடுங்க, நான் இல்லாமலே அங்கே பஸ் ஜம்முன்னு ஓடுது, இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் எப்படிப் போய் நியாயம் கேக்கறது என்றாள்.

நாத்தனார் குழந்தையிடமிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

“நீ இல்லாம பஸ் ஓடுதா இல்லையான்னு உன்னை யாரும்மா கேட்டா? ஓடத்தான் செய்யும். நான் இல்லாம என் ஆஸ்பத்திரி ஓடாதா? சட்டம் என்ன, நல்லா வேலை செஞ்சவங்களுக்குக் குடுக்கிற பரிசா? பிள்ளை பெத்து லீவுல இருக்கிறவளைக் கேக்காம, கூப்பிடாம தூக்கக் கூடாதுன்னு இருக்கு. அவ கெட்டிக்காரியா இருந்தாத்தான்னு எங்கேயும் இல்ல.”

அவள் இத்தனை நாளும் தான் இல்லாமல் முடியாது என்று நிரூபிக்கத்தானே தவித்தாள்? அது தேவையே இல்லை என்று ஒருவர் வந்து சொல்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை. நாத்தனார் விளக்கமாகச் சொன்னார். ஒரு வேலையை நிஜமாகவே எடுக்க வேண்டிய நிலை வந்தால் கம்பெனி எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் லீவில் இருப்பதையே காரணமாக வைத்து ஆளைக் கழிக்கக் கூடாது. முதலில் பேச வேண்டும், வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக அவளை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. கம்பெனியில் அவளுக்குப் பொருத்தமான இடம் வேறு ஏதாவது இருந்தால் மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும், போட்டி வைக்காமல். நான் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், எது செல்லும் எது செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா என்றார். ஒருதரம் தங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அவசரப்பட்டு இதே காரியத்தைச் செய்து, அப்புறம் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டதை நாத்தனாரே எழுந்து நடித்துக்காட்டினார். நாத்தனாருக்கு நடிக்கக்கூட வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டிப்போவில் புதுசாக ஏதாவது இடம் வருகிறதா என்று நாத்தனார் கேட்டதற்கு அவளுக்கு பதில் தெரியவில்லை. பீரோவில் இருந்து போன் வெளியே வந்தது. சைலன்சரைக் கூப்பிட்டாள். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். பணி ஒருங்கிணைப்பாளர் என்று தலைமை அலுவலகத்தில் ஒரு இடம் போடுகிறார்களாம், அந்த மென்பொருளை வைத்துக்கொண்டு எல்லா டிப்போவுக்கும் டூட்டி போடுகிற வேலையாம், மேனேஜரின் பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வருவதாகப் பேச்சாம்.

“நீங்கதான் இனிமே வேலை வேணாம், குழந்தையோட இருக்கேன்னு சொல்லிட்டீங்கன்னார் அக்கா மேனேஜர். அதான் நாங்க ஒண்ணும் கேக்கலை.”

இதைக் கேட்டதும் அவளுக்கு வந்ததே ஒரு கோபம், அழுகையெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தேவையில்லை என்றால்கூடப் பொறுத்திருப்பாள். அவள் வாயில் அவள் சொல்லாத வார்த்தையை வைத்துவிட்டாரே! வேலைக்கு வேற சட்டை மாட்டிவிட்டா வேற வேலை ஆயிடுமா என்றார் நாத்தனார். அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து, என்னோடு பேசாமல் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை, என்னைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். நாத்தனார் திருத்தியது ஒரே ஒரு இடத்தைத்தான். ‘தயவுசெய்து’ என்று அவள் நாலு தடவை போட்டிருந்தாள், மூன்றை அடித்துவிட்டார்.

கூப்பிட்டார்கள். டிப்போவின் மாடி அறை. கீழே பட்டறையில் யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்த சத்தம். தலைமை அலுவலகத்தில் இருந்து பணியாளர் அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர். முதலாளி கீழே டிரைவர்கள் ஓய்வறையில் நாத்தனார் மடியில், சுற்றிலும் காக்கிச் சட்டைக்காரர்கள் ஆளுக்கொரு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் ஆரம்பித்தார். இத்தனை வாரம் நாற்காலி காலி, எல்லாம் நன்றாகவே நடந்தது என்று அதே பாட்டு. அவளுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, முதல் பல வாரம் போனில் நடத்தினதே நான்தான் என்று. சொன்னால் யார் யார் கூப்பிட்டார்கள் என்ற கேள்வி வரும், கீழே குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்து கைகட்டி நிற்க வேண்டியிருக்கும். வார்த்தையை அப்படியே முழுங்கிவிட்டாள். தன் பெருமையைப் பேசாமல் வாயை மூடுவது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

“நான் வேலை வேணாம்னு யார்கிட்டயும் சொல்லலை மேடம். என்கிட்ட யாரும் பேசவும் இல்லை. பணி ஒருங்கிணைப்பாளர்னு இடம் வருதாமே, அது எனக்குத் தெரிஞ்ச வேலை. லீவுல இருக்கிற எனக்குத்தான் அதை முதல்ல குடுத்திருக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அதிகாரி அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். இந்த இடத்தைப் பற்றி இவங்ககிட்ட சொன்னீங்களா என்று கேட்டார். இவங்க வேண்டாம்னு சொன்னதாக எனக்கு எழுதினீங்களே, எப்போது சொன்னார்கள்? மேனேஜர் அரை நிமிஷம் மேடம் என்றார். அதிகாரி அம்மா அரை நிமிஷம் கொடுத்தார். இன்னொரு அரை நிமிஷமும் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் பேனாவை மூடிவிட்டு, பழைய முடிவு ரத்து, புதிய இடம் உங்களுக்கு, லீவும் லீவுச் சம்பளமும் இருக்கிறபடியே இருக்கும், எழுத்தில் வந்து சேரும் என்றார். அவ்வளவு எளிதா என்று கேட்காதீர்கள். உள்ளதைக் கேட்கத் தெரிந்தால் சில சமயம் அவ்வளவு எளிதுதான், கேட்கத் தெரிவதற்குத்தான் இத்தனை பாடு.

அதிகாரி அம்மா கீழே போய்விட்டார். அவளும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேனேஜருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. கதவருகே வந்தவளிடம், ஒன்று மட்டும் சொல்லட்டுமா என்றார்.

“இத்தனை நாளும் நீங்க இல்லாம பஸ் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதை மறந்துராதீங்க.”

இரண்டு வாரத்துக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“ஓடணும் சார். இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் இல்லாமத்தான் ஓடணும். எனக்கு லீவு முடியலை.”